முடி கொட்டாத நாய் வாங்கினால் வீசிங் வராதா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. நாலு வயதிலிருந்தே மழைக்காலம் வந்தால் வீசிங். இன்ஹேலர் எடுக்கிறாள். போன கார்த்திகையில் இரண்டு முறை நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது. காலையில் எழுந்தால் வரிசையாகப் பத்துத் தும்மல். இரண்டு வருஷமாக நாய்க்குட்டி வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கடையில் விசாரித்தேன். "பூடில், இல்லாட்டி ஷீட்சூ எடுங்க மேடம், முடியே கொட்டாது, அலர்ஜியே வராது" என்று 40,000 ரூபாய் சொல்கிறார். என் கணவர், முடி குட்டையாக இருக்கும், நம்ம ஊர் ராஜபாளையமே போதும் என்கிறார். மாமியாரோ, "நாயோட புழங்கினா எல்லாம் தானா சரியாயிடும்" என்கிறார். பெரம்பூரில் மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். எந்த இனம் வாங்கலாம்?

(கடிதத்தின் அடியில், பென்சிலில்: "டாக்டர், பேர்கூட வச்சிட்டேன். லட்டு.")

அன்புள்ள சகோதரி,

பென்சில் வரியைத்தான் முதலில் படித்தேன். அதைப் படித்த பிறகு 'வேண்டாம்' என்று ஒற்றை வார்த்தையில் எழுதி முடிக்க மனசு வரவில்லை. ஆனாலும் நீங்கள் கேட்டதற்கு நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அலர்ஜி தராத நாய் இனம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. பூடிலும் இல்லை, ஷீட்சூவும் இல்லை, ராஜபாளையமும் இல்லை. கடைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். அவரும் அதை நம்பித்தான் சொல்லியிருப்பார். கால்நடை மருத்துவரான நானே இருபது வருஷத்துக்கு முன்னால் சில பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

எல்லோரும் முடியைத்தான் சந்தேகப்படுகிறோம். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. உண்மையில் தும்மலுக்கும் வீசிங்குக்கும் காரணம் நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் பொடுகிலும், சிறுநீரிலும் இருக்கும் சில புரதங்கள். அவற்றில் முக்கியமானதற்குக் கேன் எஃப் 1 என்று பெயர். நாய் நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும். அந்த எச்சில் முடியில் காய்ந்து, பொடுகோடு சேர்ந்து தூளாகி, மின்விசிறி சுற்றினால் காற்றில் மிதக்கும். முடி கொட்டாத நாய்க்கும் நாக்கு இருக்கிறது, தோல் இருக்கிறது. சுருட்டை முடி நாய்களில் உதிர்ந்த முடி சோபாவில் ஒட்டாமல் அதன் உடம்பிலேயே சிக்கி நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வீடு கூட்டுகிறவருக்கு அது நிம்மதி. மூச்சுக்குழாய்க்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2011-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் நாய் வளர்க்கும் வீடுகளிலிருந்து தூசி எடுத்துச் சோதித்தார்கள். மொத்தம் 60 இனங்கள். 'அலர்ஜி தராதவை' என்று விற்கப்படும் நாய்கள் இருந்த வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் கேன் எஃப் 1 அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அடுத்த வருஷம் நெதர்லாந்தில் நாய்களின் முடியையே எடுத்துப் பார்த்தார்கள். அங்கே பூடில், லாப்ரடூடில் (லாப்ரடாரும் பூடிலும் கலந்தது) போன்றவற்றின் முடியில் மற்ற நாய்களைவிட இந்தப் புரதம் அதிகமாகவே இருந்தது. ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தது. எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். கேள்வி 'எந்த இனம்' என்பதில்லை, 'எந்த நாய்' என்பதுதான்.

லாப்ரடூடில் பிறந்த கதையும் இதையேதான் சொல்கிறது. 1980-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களை வளர்க்கும் அமைப்பில் வேலை பார்த்தவர் வாலி கான்ரன். ஹவாயிலிருந்து பார்வையற்ற ஒரு பெண்மணி வழிகாட்டி நாய் கேட்டு எழுதினார். அவருடைய கணவருக்கு நாய் என்றாலே அலர்ஜி. கான்ரன் பூடில் நாய்களைப் பழக்கிப் பார்த்தார், அந்த வேலைக்கு ஒன்றும் தேறவில்லை. கடைசியில் லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்து மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பினார். அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி. சுல்தான் என்று அதற்குப் பெயர். மற்ற இரண்டும் அதே தாய், அதே தகப்பன், அதே ஈற்றுதான், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. உலகம் இந்தக் கதையில் 'லாப்ரடூடில் என்றால் அலர்ஜி வராது' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. கண்டபடி கலப்பு செய்து விற்பதைப் பார்த்து நொந்துபோய், இதைத் தொடங்கியதற்கே வருத்தப்படுகிறேன் என்று பின்னாளில் கான்ரன் வெளிப்படையாகச் சொன்னார்.

2009-இல் ஒபாமா வீட்டுக்குப் போன போர்ச்சுகீசியத் தண்ணீர் நாயும் இதே மாதிரிதான். பெரிய மகளுக்கு அலர்ஜி என்பதால் அந்த இனத்தைத் தேடினார்கள். அதன் பிறகு நம் ஊரிலும் அதை விசாரித்து இரண்டு மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். வெள்ளை மாளிகைக்குச் சரிப்பட்டது வில்லிவாக்கத்துக்கும் சரிப்படும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2015-இல் சுவீடனில் லட்சக்கணக்கான குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். பிறந்த முதல் வருஷத்தில் நாயுள்ள வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வருவது சுமார் 13 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் அது கைக்குழந்தைப் பருவம். உங்கள் பெண்ணுக்கு 9 வயது ஆகிறது, வீசிங்கும் ஏற்கெனவே இருக்கிறது. அலர்ஜி வந்துவிட்ட பிள்ளையை நாயோடு புழங்கவிட்டுச் 'சரியாக்கும்' பரீட்சையை வீட்டில் செய்யக்கூடாது. சில பேருக்குப் பழகியது போலத் தெரியும். தும்மல் குறைந்திருக்கும், மூச்சுக்குழாயோ உள்ளுக்குள் வீங்கிக்கொண்டே இருக்கும். மாமியாரிடம் இதைச் சண்டையாக இல்லாமல், 'நீங்கள் சொன்னது கைக்குழந்தைக்குப் பொருந்துமாம்' என்று சொல்லிப் பாருங்கள்.

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று உறைத்தது. உங்கள் மகளுக்கு நாய் அலர்ஜி இருக்கிறது என்று எங்கேயுமே நீங்கள் எழுதவில்லை. மழைக்கால வீசிங், காலைத் தும்மல் என்றுதான் இருக்கிறது. படுக்கையிலிருந்து எழுந்ததும் தும்மல் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது மெத்தையிலும் தலையணையிலும் இருக்கும் தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சிகளுக்குச் சென்னையின் ஈரக்காற்று கொண்டாட்டம். கரப்பான் எச்சமும் காரணமாக இருக்கலாம். போதாக்குறைக்கு மழைக்கென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கொசுவத்தி ஏற்றி, சாயங்காலம் சாம்பிராணியும் போடுவோம். பால்கனியில் புறா குடியிருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பிள்ளைகளின் டாக்டர் இல்லை, நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலையும் இல்லை. ஆனால் கொசுவத்தி செய்த வேலைக்கு நாய் பழி சுமந்து வீட்டைவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, கடைக்குப் போவதற்கு முன்னால் மகளை அழைத்துக்கொண்டு அவளுடைய டாக்டரிடம் போங்கள். தோலில் குத்திப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. முன்கையில் தூசிப்பூச்சி, கரப்பான், நாய், பூனை என்று ஒவ்வொன்றின் சாற்றையும் ஒரு சொட்டு வைத்து லேசாகக் கீறுவார்கள். பெரிதாக வலிக்காது. கால் மணி, இருபது நிமிஷத்தில் எது தடிக்கிறது என்று தெரிந்துவிடும். தும்மலுக்கு எடுக்கும் மாத்திரைகள் சோதனையைக் கெடுத்துவிடும் என்பதால், எத்தனை நாளுக்கு முன்பே நிறுத்துவது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், முக்கியமாக இன்ஹேலரை. நிறுத்தவே முடியாது என்றால் ரத்தப் பரிசோதனையிலும் பார்க்கலாம். தடித்ததெல்லாம் நோய் என்றும் அர்த்தமில்லை. சில பிள்ளைகளுக்குச் சோதனையில் தடிக்கும், நாயைக் கட்டிப்பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. அதனால் முடிவைக் கூகுளிடம் காட்டாமல் டாக்டரிடமே காட்டுங்கள்.

நாய்ச் சாறு வைத்த இடம் தடித்தால், டாக்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள். நாய்ப் புரதங்களில் கேன் எஃப் 5 என்று ஒன்று, ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து மட்டுமே வருவது. சிறுநீர் வழியாக முடியில் ஒட்டும். நாய் அலர்ஜி உள்ளவர்களில் கணிசமான பேருக்கு இந்த ஒன்று மட்டும்தான் ஆகாது. எந்தப் புரதம் என்று பிரித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது, விலையும் கூடுதல். சென்னையில் பெரிய ஆய்வகங்களில் விசாரித்துப் பாருங்கள். பிரச்சினை கேன் எஃப் 5 மட்டும்தான் என்று தெரிந்தால் பெண் நாயைப் பற்றி யோசிக்க இடமிருக்கிறது. இனத்தை வைத்து ஜாதகம் பார்ப்பதைவிட, ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்காவது கொஞ்சம் ஆதாரம் உண்டு.

மற்ற புரதங்களுக்கும் தடித்து, வீசிங்கும் இப்போது போலவே கட்டுக்குள் வராமல் இருந்தால், நாய் வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. வருஷத்துக்கு இரண்டு நெபுலைசர் என்பது நான்காகும். 'வைத்துப் பார்ப்போம், ஒத்துக்கொள்ளாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடலாம்' என்று சொல்வார்கள். அந்த 'யாருக்காவது' எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் முடி கொட்டாது என்று நம்பி பூடில் வாங்கியது. முதல் மூன்று வாரம் பையனுக்கு ஒன்றுமில்லை. ஐந்தாவது வாரம் ராத்திரியில் மூச்சுத்திணறி மருத்துவமனை. மறுநாள் நாயை என் கிளினிக்கில் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைதான் முக்கியம். அந்த நாய் நாலு நாள் கேட்டைப் பார்த்தபடியே படுத்திருந்தது, சாப்பாட்டைத் தொடவில்லை. அந்தப் பையனும் தன்னால்தான் நாய் போய்விட்டது என்று அழுதானாம். நாயைக் கொடுத்த பிறகும் வீட்டில் அலர்ஜி அடங்க மாதக்கணக்கில் ஆனது. சோபாவிலும் திரைச்சீலையிலும் ஒட்டியது அவ்வளவு சீக்கிரம் போகாது.

இப்போது நல்லபடியாக யோசிப்போம். நாய்க்குத் தடிக்கவில்லை, அல்லது லேசாகத் தடித்தது, வீசிங் கட்டுக்குள் இருக்கிறது, டாக்டரும் சரி என்கிறார் என்று வையுங்கள். அப்போது குட்டி வாங்காதீர்கள். வளர்ந்த நாயாக எடுங்கள். உங்கள் மகளுக்கு முகம் வாடும், தெரிகிறது. ஆனால் இரண்டு மாதக் குட்டியை வைத்துக்கொண்டு, அது வளர்ந்த பிறகு எவ்வளவு அலர்ஜி தரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வயது நாய் என்றால், எந்த நாய் வீட்டுக்கு வரப்போகிறதோ அதே நாயோடு மகளைப் பழகவிட்டுப் பார்க்கலாம். கான்ரன் மூன்று குட்டிகளின் எச்சிலை ஹவாய்க்கு அனுப்பியதும் இதற்குத்தானே. நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம், கிண்டிப் பக்கம் ப்ளூ கிராஸ் விலங்குத் தங்குமிடம் வரை போனால் போதும். வேறு தங்குமிடங்களும் சென்னையில் இருக்கின்றன.

ஒரே நாள் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். அங்கே நிறைய நாய்கள் இருக்கும், தும்மல் வந்தால் எந்த நாயால் என்று தெரியாது. பிடித்த நாயை வெளியே, தனியாகக் கூட்டிவந்து அரைமணி நேரம் இருக்கச் சொல்லுங்கள். தடவட்டும், கையை நக்கட்டும். இன்ஹேலர் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். நக்கின இடம் சிவந்து தடிக்கிறதா, கண் அரிக்கிறதா, அன்று ராத்திரி இருமுகிறாளா என்று கவனியுங்கள். சில நாள் விட்டு மறுபடி போங்கள். நாலைந்து தடவை போய்வந்தும் ஒன்றுமில்லை என்றால், தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம். முன்னமே பேசிவைத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பது வேறு, கைவிடுவது வேறு. மகளிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், 'நம் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறது' என்று. மழைக்காலத்தில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள். எதனால் வீசிங் வந்தது என்றே புரியாமல் போகும். தை, மாசி நல்ல நேரம்.

என்னைக் கேட்டால், குடும்பக் கட்டுப்பாடு செய்த, குட்டை முடியுள்ள, சாதுவான நாட்டுப் பெண் நாய். குட்டை முடியில் அலர்ஜி குறைவு என்பதால் சொல்லவில்லை. குளிப்பாட்டச் சுலபம், சீக்கிரம் காயும், உண்ணி இருந்தால் கண்ணில் படும். சென்னை வெயிலும் அதற்குப் பழக்கம். உங்கள் கணவர் சொன்ன ராஜபாளையம் அருமையான நாய், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது ஓடவேண்டிய பிறவி, தோட்டம் காவல் காத்தது. மூன்றாவது மாடியில் அடைத்தால் உங்களையும் படுத்தும், தானும் நொந்துபோகும். சிப்பிப்பாறைக்கும் இதேதான். ஷீட்சூ தட்டை மூக்கு நாய், சித்திரை வெயிலில் அதற்கே இரைக்கும். பூடில் புத்திசாலி, ஆனால் மாதம் ஒருமுறையாவது முடி வெட்டவேண்டும், அதற்கு ஒரு செலவு. 40,000 ரூபாயில் பாதியை மெத்தை உறைக்கும் தலையணைக்கும் ஒரு நல்ல காற்றுச் சுத்திகரிப்பானுக்கும் செலவழியுங்கள் என்பேன்.

நாய் வந்தபின் வீட்டில் என்ன செய்வது? மகளின் படுக்கையறைக்குள் நாய் போகவே கூடாது. இதில் மட்டும் கறாராக இருங்கள், 'இன்னிக்கு ஒருநாள்' என்பதே கூடாது. தரை மொசைக்கோ டைல்ஸோ என்றால் நமக்கு அனுகூலம், கார்ப்பெட் போட்ட வெளிநாட்டு வீடுகளுக்கு இந்த வசதி இல்லை. காய்ந்த துடைப்பத்தால் கூட்டினால் எல்லாம் கிளம்பி மூக்குக்குத்தான் வரும், அதனால் தினமும் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். மின்விசிறி இறக்கையையும் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். துணி சோபாவைவிட மர நாற்காலி மேல்.

நாயை வாரம் இரண்டு தடவை குளிப்பாட்டினால் அலர்ஜிப் புரதம் குறையும். ஆனால் இரண்டு மூன்று நாளில் பழையபடி ஏறிவிடும், ஒருநாள் குளியலை நம்பி இருக்கமுடியாது. நம் சோப்பும் ஷாம்பூவும் போட்டால் நாயின் தோல் வறண்டு பொடுகு இன்னும் அதிகமாகும். நாய்க்கென்று விற்கும் மிதமான ஷாம்பூவே போடுங்கள். குளிப்பாட்டுவதும் சீவுவதும் மகளின் வேலையில்லை, உங்கள் கணவர் பால்கனியிலோ மொட்டைமாடியிலோ செய்யட்டும். கணவர் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். 'நாய் வாங்கலாம்' என்று எல்லோரும் கை தூக்குவார்கள், ஈரத்துணி மட்டும் உங்கள் கையில் வந்து நிற்கும். யார் எதைச் செய்வது என்று நாய் வருவதற்கு முன்பே பேசித் தீருங்கள். மகள் தண்ணீர் வைக்கட்டும், கூட நடக்கட்டும், 'உட்கார்' பழக்கட்டும். முகத்தை நக்கவிடாமல், விளையாடி முடித்ததும் கை கழுவினால் போதும்.

வெறிநாய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து, மாநகராட்சி உரிமம் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாயை எடுத்த வாரமே பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாகப் பென்சிலில் எழுதியவளுக்கு. பாப்பா, லட்டு நல்ல பேர். வளர்ந்த நாய்க்கும் பொருந்தும். வேறு பேர் வைத்துக் கூப்பிட்டுப் பழகியிருந்தாலும் ஒன்றிரண்டு வாரத்தில் புதுப் பேரைப் புரிந்துகொள்ளும். கூப்பிட்டு, அது திரும்பிப் பார்த்ததும் ஒரு சின்னத் துண்டு அவித்த முட்டை கொடு. நிஜ லட்டை மட்டும் கொடுத்துவிடாதே. அதில் இருக்கும் உலர்ந்த திராட்சை நாய்க்கு ஆகவே ஆகாது, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.